கன்னியப்பன் அவர்களின் பின்சீட்டில் பதினான்கு வருடம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, கம்பெனி வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, நான் வேலை செய்யும் ஸ்டோர்ஸின் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "தணிகாசலம் சார், உங்க ஊர்லேர்ந்து போன் வந்துச்சு. யாரோ கன்னியப்பனாம், தவறிட்டாராம்" என்றார். 'யாரோ' என்று அவர் சொன்னதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத மனிதர், பெயர் தெரிந்திருக்க நியாயமில்லைதான். ஆனால் தினமும் காலையில் கேட்டுக்குள் நுழையும் அந்தக் கறுப்பு புல்லட்டுக்கு எழுந்து நின்று சல்யூட் வைப்பவர் அவர். "புல்லட்காருங்க அவரு" என்று நான் சொன்ன பிறகே அவர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாளாக நெஞ்சை ஏதோ அடைக்கிறது என்று கன்னியப்பன் அவர்கள் லீவில் இருந்தார். அன்று காலையும் நான் வீட்டுக்குப் போனபோது, "நீ பஸ்ல போ மச்சான். நாளைக்கி வந்துர்றேன். வாயு, வேற ஒண்ணியும் இல்ல" என்று என்னை அனுப்பிவிட்டார். நானும் பஸ்ஸில் போனேன். வாயுவுக்கும் நெஞ்சு வலிக்கும் வித்தியாசம் தெரியாத இரண்டு முட்டாள்களில் ஒருவர் போய்விட்டார், இன்னொருவன் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தொழிற்சங்கத்து இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் முடியாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் அவரை 'அவன்' என்று சொல்லியே பல்லுப் போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'அவர்'தான். அவர்களும் வாங்கிப் படிக்கட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ள எனக்கு ஐந்தரை வருடம் கிடைத்தது. காலையும் மாலையும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தும் திருத்தவில்லை.

வெள்ளானூரைத் தாண்டிப் போனால் எங்கள் கிராமம். என் தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அந்த நிலத்தில் நடவிலிருந்து அறுப்பு வரை வேலை செய்தவர் கன்னியப்பன் அவர்களின் அப்பா. எங்கள் வீடு ஊர்த் தெருவில், அவர்கள் வீடு காலனியில். நானும் அவரும் ஒரே வயது என்றாலும் சின்ன வயதில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பிறகு நிலம் கைமாறியது, நாங்கள் இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், நான் ஸ்டோர்ஸ். ஒரே கம்பெனி, ஒரே கேன்டீன் பெஞ்ச்.

எண்பத்திரண்டில் ஒரு மழைநாள், முதல் ஷிப்டுக்கு பஸ்ஸை விட்டுவிட்டு ஊர்த் தெரு முனையில் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு கறுப்பு புல்லட் என்னைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. வண்டி மட்டும் டொப் டொப் என்று அடித்துக்கொண்டு நின்றது. ஏறுவதா வேண்டாமா என்பது என் பாடு என்று விட்டுவிட்டார். குடையை மடக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன்.

ஊர் எல்லையில் ஒரு மதகு இருக்கிறது. அதைத் தாண்டுகிறவரை அவர் வாய் திறக்கவில்லை. தாண்டியதும், "நல்லா புட்சி உக்காரு மச்சான், பள்ளமா கீது" என்றார். கம்பெனியில் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான்தான், மாமேதான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்குள் அவர் என்னை எப்படிக் கூப்பிடுவது? அவருடைய அப்பா என் அப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். அந்த வார்த்தை இவர் வாயில் வராது. மச்சான் என்றால் ஊர் தாங்காது. ஆகவே மதகுக்கு அந்தப் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. நான் அவரைக் 'கன்னியப்பா' என்று இரண்டு பக்கமும் கூப்பிட்டேன். எனக்கு இருந்த வசதி அது.

அந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் ராணுவத்திலிருந்து ஏலத்துக்கு வந்த பழைய புல்லட் அது. மேலே கறுப்புப் பெயின்ட், எங்காவது உரசினால் அடியில் பச்சை தெரியும். புதிதாக வருகிற வண்டிகளுக்கெல்லாம் இடதுகாலில் கியர், வலதுகாலில் பிரேக். இதற்கு நேர்மாறு: கியர் வலதுகாலில், பிரேக் இடதுகாலில். அதைக் கிளப்புவது ஒரு சடங்கு. கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். டேங்குக்கு முன்னால் இருக்கும் ஆம்பியர் முள் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன லீவரைப் பிடித்து, காற்றைக் கொஞ்சம் விட்டு, பிறகு முழு உடம்பையும் ஏற்றி ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கம்பெனியில் அவரைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. நூறு சிசி வண்டிகள் வந்து சைக்கிள் ஸ்டாண்டை நிரப்பிய வருடங்கள் அவை. பட்டனைத் தட்டுவதுபோல் ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பிவிடும். இவர் மட்டும் ஷிப்டு முடிந்து, முள்ளைப் பார்த்து, லீவரைப் பிடித்து, மூச்சை இழுத்து நிற்பார். "அண்ணாத்தே, கற்பூரம் ஏத்தலியா?" என்று கேட்பார்கள். "ஏத்தறேன், நீ தேங்கா எட்தா" என்பார். மைலேஜ் பற்றிக் கேட்டால், "ஆவடிக்கும் அம்பத்தூருக்கும்தானே போறேன், டெல்லிக்கா போறேன்?" என்பார்.

நானும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வரும். ஒருநாள், "புது வண்டில யாரு ஏறுனாலும் போவும். இது அப்டி இல்ல மச்சான், நீ யாருன்னு கேக்கும்" என்றார். இன்னொரு நாள், "ரிப்பேர் ஆச்சுன்னா எங்க ரிப்பேருன்னு அதுவே சொல்லும். எங்க ஊட்டுக்காரி கூட அப்டி சொல்ல மாட்டா" என்றார். இதெல்லாம் கேன்டீன் பெஞ்சில் சிரிப்பதற்குச் சொன்ன பதில்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

காலனியிலிருந்து ரோட்டுக்கு வர இரண்டு வழி. ஏரிக்கரை வழியாக வந்தால் சீக்கிரம். ஊர்த் தெரு வழியாக வந்தால் சுற்று, மேடு பள்ளம், நாய் வேறு. அவர் ஒருநாளும் ஏரிக்கரை வழியாக வந்ததில்லை. ஊர்த் தெருவில் இரண்டாவது கியரில், நிதானமாக, நடுத் தெருவில் வருவார். ஹாரன் அடிக்க மாட்டார், யாரையும் பார்க்க மாட்டார். எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் கேட்கும், நான் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்புவேன். தெருமுனையில் ஏறிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டிவிட்டு, அப்படியே செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். வேறு வேலை ஒன்றும் இல்லை, காற்று வாங்கத்தான். அவருடைய மனைவி அஞ்சலை அம்மாள் கட்டிக் கொடுத்த மீன்குழம்புச் சோறு ஒரே தூக்கில் இருந்தது. இரண்டு பேரும் அதிலேயே கைவைத்துச் சாப்பிட்டோம். எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால் அன்றைக்கு அது பெரிய செய்தி. ஏரிக்கரையில் பார்ப்பதற்கு மாடுகள் மட்டுமே இருந்தன.

கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், வண்டியைப் பார்த்தபடி சொன்னார். "உங்க தெரு கீதே, எங்கப்பா செருப்ப கையில எட்துகினு போன தெரு மச்சான். நான் சின்ன பையன், ஓடுவேன். மண்டைல தட்டுவாரு. மெதுவா நடடா, சத்தம் வரக்கூடாதுன்னுவாரு." ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் இல்லாத வண்டி எனக்கு இன்னாத்துக்கு, சொல்லு."

அந்தத் தெருவில் என் தாத்தா வீட்டையும் சேர்த்துத்தான் அவர் சொன்னார். ஆனால் குற்றம் சொல்லுகிற குரலில்லை. வண்டி ஏன் மாற்றவில்லை என்று நான் கேட்டேன், பதில் சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஒன்பது வருடம் இப்படியே போனது. அந்தக் காலைகளை நினைத்தால் இப்போது எனக்கு ஏக்கமாக இருக்கிறது, வெட்கப்படாமல் சொல்கிறேன். பனிக்காலத்தில் அவர் முதுகு காற்றை மறைக்கும். பேச்சு பாதி காற்றில் போகும், பாதி காதில் விழும். விழாத பாதிக்கும் சேர்த்து நான் "ஆமாம்" போடுவேன். "இன்னாத்துக்கு ஆமாம்?" என்று திரும்பக் கேட்பார், மாட்டிக்கொள்வேன்.

தொண்ணூற்றொன்றில் என் தங்கைக்கு வரன் பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் வருவதாக இருந்தது. நான் ஷிப்டு முடிந்து வழக்கம்போல் வந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை, வாசலில் நின்றிருந்த என் பெரியப்பா பார்த்தார். வந்தவர்கள் போனபிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சம்பந்தி ஊட்டுக்காரங்க வர்ற நேரத்துல அவன் தோள புட்சிகினு எறங்குறே. நல்லாவா கீது? ஒரு வண்டி வாங்கிக்க உனுக்கு வக்கில்லையா?"

அடுத்த மாதம் ஒரு நூறு சிசி வண்டி எடுத்தேன். சிவப்பு நிறம். கன்னியப்பன் அவர்களிடம் கம்பெனி ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். "மைலேஜ் நல்லா கொடுக்குதாம் கன்னியப்பா. பெட்ரோல் விக்கிற விலைக்கு இதுதான் சரின்னு தோணிச்சு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்தார், சீட்டை அழுத்திப் பார்த்தார். "நல்லா கீது. சைடு ஸ்டாண்டு கொஞ்சம் லூசா கீது, டைட் வெச்சிக்கோ" என்றார். அன்று மாலை அவரே ஸ்பானர் கொண்டுவந்து அதை முடுக்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் தினமும் இரண்டு வண்டிகளாகப் போனோம். மதகுக்கு அந்தப் பக்கம் வண்டியை அணைக்காமல் எனக்காக நிற்பார். நான் வந்ததும் பின்னாலேயே வருவார். என் வண்டி வேகமாகப் போகும், ஆகவே நான்தான் மெதுவாகப் போக வேண்டியிருந்தது. பின்சீட்டுக் கால்மிதி இரண்டையும் மடக்கி வைத்திருந்தார். வேறு யாரையும் அவர் ஏற்றி நான் பார்த்ததில்லை. இப்படி எட்டு மாதம்.

ஒருநாள் எனக்குக் கம்பெனியிலேயே குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது. நிற்க முடியவில்லை. அவருடைய புல்லட் அன்று பூந்தமல்லியில் பிரித்துப் போட்டுக் கிடந்தது, பஸ்ஸில் வந்திருந்தார். "சாவிய குடு, நான் இட்டுகினு போறேன்" என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு என் வண்டியை அவர் ஓட்டினார். வழிநெடுக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். "சோத்தாங்கால் பிரேக்கு, பீச்சாங்கால் கியரு. சோத்தாங்கால் பிரேக்கு, பீச்சாங்கால் கியரு." காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆவடி தாண்டும்வரை அப்படிச் சொல்லியே பத்திரமாக வந்தோம். அதற்குப் பிறகு ரோடு காலியானது. என்னிடம், "இன்னும் கொஞ்சம் தூரந்தான், தாங்கு மச்சான்" என்று பேச ஆரம்பித்தார். சொல்வது நின்றுபோனது.

மதகுக்குப் பக்கத்துத் திருப்பத்தில் மூன்று எருமைகள் குறுக்கே ஏறின. அவர் இடதுகாலால் பிரேக்கை மிதித்தார். புல்லட்டாக இருந்திருந்தால் நின்றிருக்கும். என் வண்டியில் அது கியர், இன்னொரு கியர் ஏறிக்கொண்டது. அவர் கால் இன்னும் பலமாக மிதித்தது. வண்டி நிற்காமல் போய்ச் சரிந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருடைய வலது முட்டி மதகுக் கல்லில் மோதியது.

ரோட்டில் கிடந்தபடி, முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கால் பழைய ஊட்டுக்கே போயிடுச்சு மச்சான். நான் இன்னா பண்றது."

ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். ஐந்து மாதம் ஆனது. கால் நடந்தது, கொஞ்சம் மடங்கியது, கியர் போடுகிற அளவுக்கு அசைந்தது. ஆனால் உதைக்காது. இடதுகாலால் உதைத்துப் பார்த்தார். அதற்கு உடம்புப் பாரம் முழுவதையும் வலது முட்டி தாங்க வேண்டும், தாங்கவில்லை. சங்கத்தில் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள்: சின்னதாக ஒரு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று. தலையாட்டிக் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். தினமும் தள்ளி ஸ்டார்ட் செய்து தருகிறோம் என்று காலனிப் பிள்ளைகள் சொன்னார்கள். "பொணத்த தள்ளிகினு போற மாரி வேணாம்பா" என்று மறுத்துவிட்டார். ஏரிக்கரை வழியாகக் காலை இழுத்துக்கொண்டு அவர் நடந்து வருவதை முதல்முதலாக அப்போதுதான் பார்த்தேன். அந்தக் காட்சியை என்னால் சகிக்க முடியவில்லை.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அஞ்சலை அம்மாள் என்னிடம் வந்தார். "அண்ணே, அவரு வண்டிய தொடச்சிகினே கீறாரு. தொடச்சி தொடச்சி பெயின்டே போயிடும் போல கீது. நீங்க ஒரு தபா ஒதச்சி மட்டும் குடுங்க. ஓட்டறது அவரே ஓட்டிப்பாரு" என்றார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் காலனிக்குப் போனேன். ஒன்பது வருடம் ஒரு மனிதரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அவர் வீட்டு வாசலை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நம்பமாட்டீர்கள், வழி கேட்டுத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தார்.

"முள்ள பாரு. கால பாக்காத, முள்ள பாரு" என்றார். உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்தது, உயிர் போய் வந்தது. "அவசரம். பொண்ணு ஊட்டுக்கு வந்த மாரி அவசரம்" என்றார். மூன்று நாள் இதே கதை. கணுக்கால் வீக்கத்தைப் பார்த்து என் மனைவி கேட்டபோது கம்பெனியில் பெட்டி விழுந்தது என்றேன். நாலாம் நாள் காலை முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அஞ்சலை அம்மாள் ஈரக்கையோடு வெளியே வந்தார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்க, அவர் அடிபட்ட காலைச் சுற்றிப் போட்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தார். பிறகு கையைப் பின்னால் விட்டு, மடக்கி வைத்திருந்த கால்மிதிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

காலையில் உதைக்க ஆள் வேண்டுமென்றால் மாலையிலும் வேண்டுமல்லவா. ஆகவே என் சிவப்பு வண்டி தம்பிக்குப் போனது, நான் பழையபடி பின்சீட்டுக்குப் போனேன். கம்பெனியில் என்னை 'செல்ப் ஸ்டார்ட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐந்தரை வருடம் தினமும் இரண்டு வேளை நான் உதைத்தேன், அவர் ஓட்டினார்.

ஊர்த் தெருவில் ஒருநாள் காலை வண்டி அணைந்துவிட்டது. அதுவும் எங்கே, என் பெரியப்பா வீட்டு வாசலுக்கு நேராக. பெரியப்பா பேப்பரை இறக்கிப் பார்த்தார். எதிர்வீட்டில் கோலம் போட்டவர்கள் பார்த்தார்கள். கன்னியப்பன் அவர்கள் இறங்கிக் காலை ஊன்றிக்கொண்டு, எப்போதும் பேசாத இடத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மச்சான், ஒத" என்றார். மறந்து வந்துவிட்டதா, வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் உதைத்தேன். ஏறி உட்கார்ந்து போனோம்.

சாயங்காலம் பெரியப்பா கேட்டார். "அவன் உனுக்கு இன்னா வேணும்?"

"கூட வேலை செய்றான்" என்றேன்.

'செய்றான்' என்றேன். அவரை நான் அப்படிச் சொன்னதே இல்லை. மறுநாள் மதகு தாண்டியதும் கன்னியப்பன் அவர்கள், "பெரியவரு எதுனா சொன்னாரா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லையே" என்றேன்.

ஒருமுறை சொல்லிவிட முயன்றேன். ஆவடிப் பக்கம் மழைக்கு ஒரு பெட்ரோல் பங்க் கூரையின் கீழ் ஒதுங்கியிருந்தோம். "கன்னியப்பா, அந்த நூறு சிசி வண்டி எடுத்தேனே, மைலேஜுக்குன்னு..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை வெளியே நீட்டிப் பார்த்தார். "மய உட்டுடுச்சி. ஒத" என்றார். மழை விடவில்லை. நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தோம். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு என்னைச் சொல்லவிடாமல் காப்பாற்றினார். அப்படிக் காப்பாற்றப்படுவதில் இருக்கிற அவமானத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தூங்குகிற முகம்தான். வண்டி பக்கத்துச் சுவரோரம் நின்றது, இரண்டு நாளாகக் கிளப்பாதது.

மதியம் ஒரு மூதாட்டி கேட்டார், "அஞ்சலைக்கு பொறந்த ஊட்டு கோடி வந்துதா?" கணவன் இறந்தால் எடுப்பதற்கு முன் மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி புதுப்புடவை கொண்டுவந்து போட வேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. அஞ்சலை அம்மாளுக்கு இருந்த ஒரே அண்ணன் காமாலையில் போய் வெகுநாளாகிறது. திருவள்ளூரில் இருக்கும் சித்தி மகன் வருவான் என்றார்கள். மூன்று மணிவரை வரவில்லை. அஞ்சலை அம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த நேரத்தில் பிறந்த வீடு இல்லை என்று பத்துப் பேர் நடுவில் தெரிவதைவிட ஒரு பெண்ணுக்குப் பெரிய குறை வேறு கிடையாது.

ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு ஆவடி பஜாருக்குப் போனேன். திரும்பி வரும்போது காலனி முனையில், புங்கமரத்தடியில் பெரியப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் அவர்கள் வருவதில்லை. வந்ததே பெரிது என்கிற முகம்.

"கையில இன்னாடா?" என்றார் பெரியப்பா.

"கோடி."

"யாரு ஊட்டு கோடி?"

"அஞ்சலை பொறந்த ஊட்டு கோடி பெரியப்பா. நான்தான் போடறேன்."

அவர் பதிலுக்காக நான் நிற்கவில்லை. பந்தலுக்குள் போய், புடவையை அஞ்சலை அம்மாளின் தோளில் போர்த்தினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஐம்பது வயது ஆள் அப்படி அழுவதை நான் கேட்டதில்லை, அது என் குரல்தான்.

எடுக்கும் நேரத்தில் அஞ்சலை அம்மாள் சொன்னார். "வண்டிய ஒரு தபா ஒதைங்கண்ணே. அந்த சத்தம் இல்லாம அவரு உங்க தெருவ தாண்டினதே இல்ல." காலனியில் சாவு விழுந்தால் ஏரிக்கரை வழிதான் வழக்கம். அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை, ஊர்த் தெருப் பக்கமாகவே தூக்கினார்கள்.

முள்ளைப் பார்த்தேன். இரண்டு உதைக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது உதைக்குக் கிளம்பியது. கிளம்பியதும், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன், அவர் ஏறுவதற்காக. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. யாரோ என் தோளைத் தொட்டு, "போலாம்ணா" என்றார்கள். பார்த்தால் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்விட்டார்கள்.

அந்த வண்டியை நான் ஓட்டியதில்லை. நியூட்ரலில் போட்டு, எஞ்சின் ஓடியபடியே, பக்கத்தில் நடந்து தள்ளிக்கொண்டு போனேன். சரியான பாரம். ஊர்த் தெரு முழுக்க அந்த டொப் டொப் சத்தத்தோடு, நடுத் தெருவில் போனோம். வாசல்களில் நின்றவர்கள் யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வீட்டு வாசல் வந்தபோது, முன்னால் பாடையில் போய்க்கொண்டிருந்தவரிடம், இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

மைலேஜும் இல்லை, மண்ணும் இல்லை. ஊருக்குப் பயந்துகொண்டு இறங்கினேன். போய் வா, மச்சான்.